கடுகுத் தலையணை

பன்னிரண்டு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருந்தது. சண்முகவடிவு ஏழு தரம் எண்ணிவிட்டாள். ஏழு தரமும் பதினொன்றேதான். எட்டாம் தரம் எண்ணினால் மட்டும் ஊசி குட்டியா போடப் போகிறது? இருந்தாலும் மனசு கேட்க வேண்டுமே. கோவில்பட்டியில் பஸ் ஏறி, சங்கரன்கோவிலுக்கு டிக்கெட் வாங்கி, ஜன்னலோரமாக இடமும் கிடைத்து உட்கார்ந்த பிறகும், கைப்பைக்குள் விரலை விட்டு, பவுடர் டப்பா மூடிக்குள் ஒட்டியிருக்கிற கம்பளித் துண்டில் குத்தி வைத்த ஊசிகளைத் தடவித் தடவி எண்ணிக்கொண்டே இருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் ஐந்தாவது ஊசி நகத்துக்கடியில் சுருக்கென்று ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டாள். ரத்தம் உப்புக் கரித்தது. நாற்பத்தாறு வயசுப் பொம்பளை, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல், அதுக்கே உடம்பு இந்தத் தூக்குத் தூக்கிப் போடுகிறது. பிறந்து முப்பத்துநாலு நாள் ஆன பிஞ்சுக்கு எப்படி இருக்கும்? வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். காணாமல் போன பன்னிரண்டாவது ஊசி அவள் தைத்துக் கொடுத்த கடுகுத் தலையணைக்குள் இருக்கிறது. இருக்கலாம். இருக்கும். அவள் புருஷனோடு பிறந்த நாத்தனார் முத்துச்செல்வியின் பெண்குழந்தை, சங்கரன்கோவிலில் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த இடத்தில், அந்தத் தலையணையில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தலை வைத்துப் படுத்திருக்கிறது. இன்றைக்குப் புதன்கிழமை.

எண்ணாமல் ஊசி எடுக்கிற ஆள் இல்லை அவள். மகன் கதிரேசன் தவழ ஆரம்பித்த காலத்தில் பிடித்த பழக்கம், இப்போது அவன் கோயம்புத்தூரில் காலேஜ் ஹாஸ்டலில் தாடி வளர்த்துக்கொண்டு இருக்கிறான், பழக்கம் மட்டும் விடவில்லை. விளக்கேற்ற மறந்தாலும் மறப்பாள், தைக்க உட்காரும்போது ஒரு தரம், எழுந்திருக்கும்போது ஒரு தரம் ஊசியை எண்ணாமல் இருக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு, அதுவும் எத்தனையோ வேலையில், இந்த ஒரு வேலையில்தானா எண்ணாமல் எழுந்திருக்கத் தோன்ற வேண்டும்? அவள் தைப்பது விற்கவா? இல்லவே இல்லை. எல்லாம் சொந்தக்காரங்களுக்கும் சிநேகிதிகளுக்கும்தான். யாரும் கேட்டதும் கிடையாது, யாரும் வேண்டாம் என்று தப்பித்ததும் கிடையாது. போஸ்டாபீஸில் வேலை பார்க்கிற பாத்திமாவுக்குக் கண்ணாடி போட்டு வைக்கப் பை. பக்கத்து வீட்டுக்கு டி.வி. ரிமோட்டுக்கு உறை. கோயம்புத்தூர் வெயிலில் கதிரேசனுக்குக் கம்பளிக் குல்லா. வீட்டில் உறை போடாமல் மிச்சம் இருப்பது நானும் கேஸ் சிலிண்டரும்தான் என்று புருஷன் வேல்சாமி ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார், அடுத்த வாரமே சிலிண்டருக்குப் பூப்போட்ட உறை வந்துவிட்டது. சிரித்தார். அவர் சிரிக்கிற மனுஷன். லைன்மேன் வேலையில் மின்கம்பத்தில் ஏறி நிற்கிற நேரத்தில் ஃபோனை எடுக்காத மனுஷனும்கூட. காலையிலிருந்து ஐந்து தடவை அடித்துவிட்டாள். இந்த மனுஷன் எடுத்தால்தான் என்ன செய்யப் போகிறார், அடி போடி பைத்தியக்காரி, எங்கேயாவது கட்டிலுக்கடியில் கிடக்கும் என்பார். கட்டிலுக்கடியில் பார்த்தாயிற்று. காந்தத்தை வைத்துப் பார்த்தாயிற்று. இரண்டு குண்டூசி, ஒரு கொக்கி, என்றைக்கோ தொலைந்த மூக்குத்தித் திருகு எல்லாம் வந்தது. ஊசி வரவில்லை.

கடுகை அவள் மூன்று தண்ணீரில் அலசினாள். மாடியில் பழைய துண்டை விரித்து மூன்று நாள் காய வைத்தாள். நடுவில் ஒரு நாள் தூறல் போட்டது, ஓடிப்போய் அள்ளினாள், மறுநாள் திரும்பக் காய வைத்தாள். முறத்தில் போட்டுக் கல், மண், தூசி பார்த்தாள். ஒரு கல் இருந்தாலும் பிள்ளை தலையில் உறுத்தும் என்று ஒவ்வொரு கையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? கல் பொறுக்கினவள்தான் இரும்பை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள். உள்பைக்கு வேல்சாமியின் நைந்த வேட்டி. புதுத்துணி மொடமொடவென்று இருக்கும், நூறு தடவை வெளுத்த வேட்டிதான் பிள்ளை தலைக்கு இதம். முக்கால் பை நிரப்பினாள். முழுக்க நிரப்பினால் கல்லு மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் தலை வைத்த இடத்தில் கடுகு நகர்ந்து குழி விட்டுக் கொடுக்கும், தலை உருண்டையாக வரும். மேலே இளம்பச்சை மெல்லிய பருத்தித் துணியில் ஓர் உறை, அதில் மூலைக்கு ஒரு வாத்து. நான்கு வாத்துக்கும் நான்கு விதமான மூக்கு. ஞாயிற்றுக்கிழமை பேர் வைக்கிற விசேஷத்தில் செல்வி அதைக் கையில் வாங்கிக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தாளே, எம்புட்டு மெத்துன்னு இருக்கு மதினி என்றாளே. பிள்ளைக்குத் தன்விகா என்று பேர் வைத்தார்கள். வாயில் நுழையாத பேர், வடிவு வீட்டுக்கு வருகிற வரைக்கும் பைக்கின் பின்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன்விகா. தன்விகா தலையில் ஊசி. ஐயோ, எங்கே தொட்டாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

அந்தக் காலையைத் திரும்ப ஒரு தடவை நிதானமாக நடந்து பார்க்கலாம். எட்டே கால் மணி. மணி பார்த்தது ஞாபகம் இருக்கிறது. உள்பையின் வாய் மட்டும் தைக்காமல் பாக்கி, நாலு விரல் அகலம்தான். கையூசியில் வெள்ளை நூல் கோத்து ஏழெட்டுத் தையல் போட்டாள். வாசலில் வேல்சாமி பைக்கை முடுக்கிக்கொண்டு ஹாரனை அமுக்கினார். பேர் வைக்கிற நேரம் பத்தரைக்குள், அவரைப் பெற்ற அத்தை நேரம் தவறினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், வாடி, வாடி என்று அவர் அங்கிருந்து கத்துகிறார். அவள் எழுந்திருந்தாள். எழுந்திருக்கும்போது ஊசியை என்ன செய்தாள்? சேலைத் தோளில் குத்தினாளா? பட்டுச்சேலை, பட்டில் குத்த மாட்டாள். டப்பாவில் குத்தினாளா? டப்பா அலமாரியில் இருந்தது. அப்படியானால் தலையணையிலேயே, வாயோரத்துத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்திருந்திருக்கிறாள். தைக்கிற பொம்பளைகள் எல்லோரும் செய்கிற காரியம்தான், தைக்கிற துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவது. வாசலுக்குப் போய் இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். வந்து உட்கார்ந்தாள். அதற்கப்புறம்? அதற்கப்புறம் நூல் கோத்த ஞாபகம் இருக்கிறது. ஊசிக் கண்ணில் நூல் நுழையாமல் எச்சில் தொட்டு முறுக்கிய ஞாபகம் இருக்கிறது. ஏற்கெனவே நூல் கோத்த ஊசி கையில் இருந்தால் எதற்காகத் திரும்பக் கோக்க வேண்டும்? இரண்டாவது ஊசி எடுத்திருக்கிறாள். முதல் ஊசி அங்கேயே நின்றிருக்கிறது, பையின் வாயில், உள்பக்கமாகச் சாய்ந்து. அவசரத்தில் துணியை மடித்து மேலே தைத்து, உறையை மாட்டி, வாத்தை வெளியே தெரிகிற மாதிரி தட்டிவிட்டு ஓடியிருக்கிறாள். ஒருவேளை நூல் கோத்தது முதலிலேயே நடந்ததா? ஹாரனுக்கு முன்னாடியா, பின்னாடியா? மணி பார்த்தது ஹாரனுக்கு முன்னாடி. எச்சில் தொட்டது? அந்த எச்சில் எந்தப் பக்கம் என்பதுதான் பிடிபட மாட்டேன் என்கிறது. நூல் கோத்தாள், ஹாரன். ஹாரன், நூல் கோத்தாள். இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்க்கிறாள், இரண்டும் நடந்த மாதிரியேதான் இருக்கிறது.

சரி, ஃபோன் இருக்கிறது கையில். செல்வி பேரைத் தட்டினால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது, பிள்ளையை இப்பவே தலையணையிலிருந்து தூக்கு என்று நாலே வார்த்தை. இந்த நாலு வார்த்தையைச் சொல்லாமல் ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் போகிறவள் மனுஷியா? காலையில் ஒன்பதரைக்கு டப்பாவைத் திறந்து எண்ணினதிலிருந்து எத்தனை தடவை அந்தப் பேர் வரைக்கும் விரலைக் கொண்டு போய்விட்டுத் திருப்பியிருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன்னாடி மட்டும் அது நடக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பாள். செல்விக்கு முதல் தரம் வயிற்றில் வந்து ஏழாம் மாசம் வளைகாப்பு. வடிவு புத்தி கெட்டுப்போய், பிறக்காத பிள்ளைக்கு எதுவும் வாங்கவும் கூடாது தைக்கவும் கூடாது என்பது தெரிந்திருந்தும், தெரியாதா என்ன, அவளுக்கே கதிரேசன் பிறந்தபோது முதல் துணி யார் வீட்டுப் பழைய வேட்டியோதானே, இருந்தும் கை அரித்தது. ஆறு குட்டிச் சட்டை. கத்திரிப்பூ நிற நூலில் பின்னின ஒரு குல்லா. இரண்டு காலுறை, ஒவ்வொன்றும் கட்டைவிரல் பெரிசு. பின்னப் பின்ன ஆசை. வெறும் நூலில் ஒரு கால் முளைத்து வருகிறதே என்று ஆசை. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய் வளைகாப்பு அன்றைக்குச் செல்வி மடியில் எடுத்து வைத்தாள். செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. அத்தை வந்து பார்த்தாள். பையோடு எடுத்துக்கொண்டுபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தாள். பன்னிரண்டாம் நாள் பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வடிவு காப்பி ஃபிளாஸ்க்கோடு நின்றாள். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு, இவளைப் பார்க்காமல், பிறக்காத பிள்ளைக்குத் துணி தச்சு வச்சா அதை யாரு போட்டுக்கிடுதது என்று கேட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் நாலு வருஷம், ஒரு தடவைகூட, ஒருத்தருமே அதைப் பற்றிப் பேசியது இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகு ஒரு வருஷம் வடிவு ஊசியைத் தொடவில்லை. தொட்டபோது மிதியடியில் ஆரம்பித்தாள். மிதியடி தைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இந்தத் தரம் அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பத்து மாசமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிள்ளை பிறந்து, பிள்ளைக்கும் தாய்க்கும் நல்ல சுகம் என்று வேல்சாமி ஃபோனில் சொன்ன அன்றைக்குத்தான் கத்திரிக்கோலை எடுத்தாள். பழைய வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்துப் பத்து இடுப்புத் துணி, இரண்டு கவுன், காது மறைக்கிற குல்லா ஒன்று, எல்லாம் அவர் கையில் கொடுத்தனுப்பினாள். விசேஷத்துக்குத் தலையணையைத் தானே கொண்டுபோனாள். அத்தை அன்றைக்குச் சிரித்த முகமாகத்தான் இருந்தாள், வா தாயி என்றாள், இன்னும் ரெண்டு வடை வச்சுக்கோ என்றாள். நாலு வருஷத்துக் கறை அன்றைக்குப் போய்விட்டது என்றுதானே வடிவு பைக்கில் தன்விகா தன்விகா என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது ஃபோன் பண்ணி, தலையணைக்குள் ஊசி இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்? ஊசியை மறந்து விட்டுவிட்டாள் என்றா நினைப்பாள் அத்தை? தலையணைக்குள் ஊசி என்றால் அந்தத் தெருவில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். மேலத்தெருவில் ஒரு வீட்டில் கல்யாணப் பெண்ணின் மெத்தையைப் பிரித்தபோது உள்ளே ஊசி குத்தின எலுமிச்சம்பழம் இருந்ததாம், செய்வினை என்று சொல்லி மூத்த மருமகளை வீட்டை விட்டே அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கதையை வடிவுக்குச் சொன்னதே அத்தைதான், வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். மூத்த மருமகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று வடிவு கேட்டதற்கு, யாருக்குத் தெரியும் என்றாள். முதல் பிள்ளைக்குத் துணி, இரண்டாம் பிள்ளைக்கு ஊசி. அத்தை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். வேல்சாமி இடையில் நின்று என்ன சொல்வார்? கூடப்பிறந்த தங்கச்சி பிள்ளை ஒரு பக்கம், சிலிண்டருக்கு உறை தைக்கிறவள் ஒரு பக்கம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சிரிக்கவும் மாட்டார்.

அதனால்தான் நேரே போகிறாள். திட்டம் போட்டுவிட்டாள். போனதும் எதுவும் சொல்லக் கூடாது. இந்தப் பக்கம் ஒரு துக்க வீடு, அப்படியே பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, ஐயோ துக்க வீட்டிலிருந்து பிள்ளை இருக்கிற வீட்டுக்கு யாராவது வருவார்களா, புத்தியைப் பார். கல்யாண வீடு. ஐப்பசியில் கல்யாணம் இருக்கும், கல்யாண வீடுதான் சரி. உறையின் ஒரு வாத்து பிரிந்திருக்கிறது, ஒரு தையல் போட்டுக் கொடுக்கிறேன் என்று தலையணையை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போக வேண்டும். கைப்பையில் காந்தம் இருக்கிறது, கதிரேசனின் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம், கீழே சிந்தின குண்டூசியைப் பொறுக்குவதற்கு வைத்திருப்பது. அதைத் தலையணை மேல் வைத்து மெதுவாக நகர்த்தினால் உள்ளே ஊசி இருந்தால் ஓடி வந்து ஒட்டும். இரண்டு தையலைப் பிரித்து எடுத்துவிட்டு மூடிவிடலாம். பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. இவ்வளவு நல்ல திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டைதான். அவள் போய்ச் சேருகிற வரைக்கும் பிள்ளை தலை அங்கேயேதான் இருக்கும். கழுகுமலையில் பஸ் நின்றது. மலை வெயிலில் வெளுத்துக் கிடந்தது. முறுக்குக்காரர் ஏறி இறங்கினார், ஒரு பாட்டுச் சத்தம் வந்து போனது, கண்டக்டர் யாருடனோ சில்லறைக்கு மல்லுக்கட்டினார். இறங்கி நடந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம் போல இருந்தது. பஸ் புறப்பட்டது. இரண்டு பக்கமும் கரிசல், மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நின்றது. காற்றாலைக் காற்றாடி ஒன்று சுற்றாமல் நின்றுகொண்டிருந்தது. அதுவும் நிற்கிறதே என்று வடிவுக்குப் பயமாக இருந்தது. எதைப் பார்த்தாலும் பயம், இது என்ன கூத்து.

நேற்று ராத்திரி சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்பில் செல்வி எழுதியிருந்தாள், பாப்பா ரெண்டு நாளா ஒரே அழுகை, ஏன்னு தெரியலை. அதற்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்லியிருந்தார்கள். ஓமத்தண்ணீர் என்று ஒருத்தி, வயிற்றில் காற்று என்று ஒருத்தி, திருஷ்டி சுற்றிப் போடு என்று பெரியத்தை. வடிவும் எழுதினாள், தோளில் போட்டுத் தட்டிக் கொடு செல்வி, சரியாப் போயிரும் என்று ஒரு பூவும் போட்டு அனுப்பினாள். அப்போது அவளுக்குத் தெரியாது. ரெண்டு நாளாக அழுகை என்றால் திங்கள், செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை தலையணை போனது. கணக்கு இவ்வளவு சரியாக வர வேண்டுமா? கடுகு இடம் விட்டுக் கொடுக்கும், அதுதானே அதன் குணம், தலை அழுத்த அழுத்தக் கடுகு விலகும், விலக விலக உள்ளே கிடக்கிற ஊசியும் திரும்பும், படுக்கையாகக் கிடந்தது நிமிரும். வேட்டித் துணி நைந்த துணி. அதுதான் இதம் என்று அவளே தேர்ந்தெடுத்த துணி. தடுக்கவா போகிறது? பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. அழும். அம்மா பால் கொடுப்பாள், பாட்டி ஓமத்தண்ணீர் கொடுப்பாள், திருப்பியும் அதே தலையணையில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். வடிவு கண்ணை இறுக்கி மூடினாள். மூடினால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. திறந்தாள். கோமதியம்மா, ஊசி எங்கேயாவது என் வீட்டிலேயே கிடக்கட்டும், என் காலில் குத்தட்டும், சீழ் பிடிக்கட்டும், காலை எடுக்கச் சொன்னாலும் எடுத்துக்கொள்கிறேன். இப்படி வேண்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே ஒரு குரல், காலை எடுக்கத் தயார், ஃபோனை எடுக்கத் தயார் இல்லை, அப்படித்தானே என்று கேட்டது. அந்தக் குரல் அத்தை குரல் இல்லை. அவளுடைய குரலேதான்.

அப்போதுதான் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து தடதடவென்று ஓடி ஓரமாக நின்றது. பின் டயர் போய்விட்டது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அரை மணி ஆகும், முக்கால் மணியும் ஆகும் என்று கண்டக்டர் உள்ளே வந்து சொன்னார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கி வேப்பமர நிழலுக்குப் போனார்கள். வடிவால் எழுந்திருக்க முடியவில்லை. முன் சீட்டில் ஒரு பெண் இறங்காமல் இருந்தாள், இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும், தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. மொட்டை அடித்த தலை வடிவின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. உச்சிக்குழி தெரிந்தது. அந்தக் குழியில் தோல் மெல்ல எழும்பியது, அமுங்கியது. எழும்பியது, அமுங்கியது. அங்கே எலும்பு கிடையாது. தோல்தான், தோலுக்கடியில் உயிர். அவள் எத்தனை பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறாள், எத்தனை தடவை அந்தக் குழியில் ஒரு சொட்டு வைத்து விரல் படாமல் தடவியிருக்கிறாள், இப்படி வெளிச்சத்தில் வைத்து ஒரு நாளும் பார்த்ததில்லை. வீட்டை விட்டு அனுப்பட்டும். செய்வினைக்காரி என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றட்டும். வேல்சாமி சிரிக்காமல் போகட்டும். ஃபோனை எடுத்தாள். அவசரத்தில் முதலில் பாத்திமாவுக்குப் போய்விட்டது, அதை வெட்டிவிட்டுச் செல்வி பேரை அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் எடுத்தாள் செல்வி. சொல்லுங்க மதினி என்றாள். வடிவுக்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்த கல்யாண வீடும் வாத்தும் ஒன்றும் வாயில் வரவில்லை.

“செல்வி, பிள்ளையைத் தலையணையில இருந்து தூக்கு. இப்பவே தூக்கு தாயி. அதுக்குள்ள ஊசி கிடக்கு. நான்தான் விட்டுட்டேன். வேணும்னு வைக்கலை, என் பிள்ளை மேல சத்தியமா மறந்துபோய் விட்டுட்டேன்.”

முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“எந்தத் தலையணை மதினி?”

பச்சை உறை போட்டது, கடுகு போட்டது, ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டாந்தது என்று வடிவு அழுதுகொண்டே சொன்னாள். சொல்லி முடிக்கிற வரைக்கும்கூடச் செல்வி விடவில்லை. அவள் நல்ல பெண், யாராவது அழுதால் தாங்க மாட்டாள், மதினி அழுவதை இந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதுவா, அதுக்கா இப்படி அழுதீக, அழாதீங்க மதினி, பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை என்று படபடவென்று சமாதானம் சொன்னாள்.

“பாப்பா அதுல படுக்கவே இல்லை மதினி.”

“ஒரு தடவைகூடவா?”

“ஒரு தடவைகூட இல்லை. கோமதியம்மா மேல ஆணை. நீங்க பைக்ல ஏறினதுமே அம்மா அதை எடுத்து...”

அங்கே நின்றுவிட்டது பேச்சு. குக்கர் விசில் ஒன்று கேட்டது. செல்விக்குப் பொய் சொல்ல வராது, சின்னதிலிருந்தே வராது. மேல மச்சில வச்சிருக்காக மதினி என்றாள் குரலை இறக்கி. எல்லாத்தையும் சேத்துத்தான் வச்சிருக்காக, பத்திரமா இருக்கு, ஒண்ணும் ஆகலை என்றாள்.

எல்லாத்தையும். பத்து இடுப்புத் துணி, இரண்டு கவுன், காது மறைக்கிற குல்லா. முப்பத்துநாலு நாளாக அவள் தைத்தது ஒன்றுகூட அந்தப் பிள்ளை மேல் பட்டதில்லை. வடிவுக்கு அது புரிந்தது. புரிந்த அதே நொடியில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதும் புரிந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில், அழுகிற அழுகை எதற்கென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அத்தை எடுத்து வைக்காமல் இருந்திருந்தால்? இவளை நம்பியிருந்தால்? நல்ல காரியம் பண்ணினாக அத்தை என்றாள் வடிவு. மனசாரத்தான் சொன்னாள். அதை யாரு கைக்கும் குடுத்துராதே, அப்படியே கிடக்கட்டும் என்றாள். இந்த ஊசி விஷயத்தை அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன் மதினி என்று செல்வி மெதுவாகச் சொன்னாள். அவளும் அழுகிற மாதிரி இருந்தது. வடிவு ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். வெளியே ஜாக்கி வைத்து டயரைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

“மதினி, லைன்ல இருக்கீகளா?”

“இருக்கேன். பிள்ளை இப்ப எதுல படுத்திருக்கா?”

அம்மாவோட பழைய சேலைதான் மதினி, நாலா மடிச்சுப் போட்டிருக்கு என்றாள்.

“அது போதும். அதுதான் மெத்துன்னு இருக்கும்,” என்றாள் வடிவு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கரை ஓரத்துல நூலு பிரிஞ்சு தொங்குதான்னு மட்டும் பாத்துக்கோ. பிள்ளை விரல்ல சுத்திக்கிடும்.”